அறிவின் பெயரால் அழும் குழந்தை

மனிதன் தன் வாழ்வின் முதல் சில ஆண்டுகளை மறந்தே வளர்கிறான். அவ்வாண்டுகளில்தான் அவன் நடக்கவும் பேசவும் கற்றான். முகங்களை இனங்காணவும், யாரை நம்பலாம் என்று தெளியவும் கற்றான். ஆயினும் அவற்றுள் ஏறத்தாழ எதுவுமே அவன் நினைவில் தங்குவதில்லை. கி.பி. 400-ஐ ஒட்டித் தம் வாழ்வின் கதையை இறைவனை விளித்து எழுதிய புனித அகுஸ்தினார், இந்த இழப்பை உணர்ந்திருந்தார். தம் கைக்குழந்தைப் பருவம் தமக்கு நினைவில்லை என்றும், பெரியோர் சொல்லக் கேட்டும் பிற குழந்தைகளைப் பார்த்துமே அதனை அறிந்துகொண்டதாகவும் அவர் எழுதினார்.

அகுஸ்தினாருக்கு வாய்த்த வழியே நமக்கும் வாய்த்தது. மனித மனம் எவ்வாறு உருவாகிறது என்பதை அறிய வேண்டுமானால், யாரோ ஒருவர் யாரோ ஒரு குழந்தையை உற்றுநோக்கியாக வேண்டும். அக்குழந்தையிடம் அனுமதி கேட்கவும் இயலாது. கேட்டாலும் அது விடை சொல்லாது. குழந்தையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்கே 'பேசாதது' என்பதுதான் பொருள். பேசத் தெரியாத அந்த உயிருக்கு உள்ள ஒரே மொழி அழுகை. ஆகவே குழந்தை வளர்ச்சியை ஆராயும் இயலின் அடித்தளத்திலேயே ஓர் அறவினா கிடக்கிறது. நாம் ஒன்றை அறிந்துகொள்வதற்காக ஒரு குழந்தையை அழவைக்கலாமா?

'கூடாது' என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அவ்வியலின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், விடை அத்துணை எளிதன்று என்பது விளங்கும்.

அரசனின் ஆசை

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த சலிம்பேனே என்னும் பிரான்சிஸ்கன் துறவி ஒரு செய்தியை எழுதிவைத்துள்ளார். பேரரசர் இரண்டாம் பிரெடெரிக், யாரும் கற்றுக்கொடாத நிலையில் குழந்தைகள் எம்மொழியைப் பேசும் என்று அறிய விரும்பினாராம். எபிரேயமா, கிரேக்கமா, இலத்தீனா, அரபியா, அன்றிப் பெற்றோரின் மொழியா? செவிலியர் பாலூட்டலாம், நீராட்டலாம். ஆனால் ஒரு சொல்லும் பேசலாகாது, கொஞ்சலாகாது என்று ஆணையிட்டாராம். குழந்தைகள் அனைத்தும் இறந்துபோயின என்று முடிகிறது அக்குறிப்பு.

சலிம்பேனே பேரரசரை வெறுத்தவர். எனவே இது நடந்ததுதானா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு ஐயம் உண்டு. எனினும் இன்று நாம் 'சோதனை முறை' என்று அழைப்பதன் முழு அமைப்பும் இச்சிறு கதையில் உள்ளது. ஒன்றை மட்டும் நீக்கி, மற்றவற்றை அப்படியே வைத்து, என்ன விளைகிறது என்று பார்ப்பதே அம்முறை. நீக்கப்பட்டது அன்பு என்பதால், விளைவு மரணமாயிற்று என்பது துறவியின் கருத்து. அறிவாசை எல்லை மீறினால் என்ன நேரும் என்ற அச்சம், ஆய்வுக்கூடங்கள் தோன்றுவதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே மனிதனுக்கு இருந்திருக்கிறது.

ஒரே கொள்கை, இரு கைகள்

அக்கதையில் ஐயத்துக்குரியதாக இருந்தது, 1920-இல் அச்சேறிய ஆய்வாக வந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் வாட்சனும் அவர் மாணவியான ரோசலி ரேனரும் செய்த சோதனை அது. மனித உணர்ச்சிகளுள் மிகச் சிலவே பிறவியில் அமைந்தவை, மற்றவை பழக்கத்தால் புகுத்தப்படுபவை என்பது வாட்சனின் கொள்கை. அதை நிறுவுவதற்கு, மருத்துவமனையில் பாலூட்டும் பணி செய்த ஒரு பெண்ணின் குழந்தையைத் தேர்ந்தார்கள். 'ஆல்பர்ட்' என்பது அவர்களுடைய அறிக்கையில் அக்குழந்தையின் பெயர். பதினொரு மாதமே ஆன அக்குழந்தை ஒரு வெள்ளெலியைத் தொடக் கைநீட்டும் போதெல்லாம், அதன் முதுகுக்குப் பின்னால் ஓர் எஃகுத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில நாள்களில் எலியைக் கண்டாலே குழந்தை அலறியது. பின்னர் முயலைக் கண்டும், நாயைக் கண்டும், உரோம ஆடையைக் கண்டும் அஞ்சியது.

அவர்கள் தயங்காமல் இல்லை. இதில் ஒரு பொறுப்பு உண்டு என்று எழுதினார்கள். ஆனால், எப்படியும் வீட்டுக்குப் போனபின் இத்தகைய அச்சங்கள் அக்குழந்தைக்கு வரத்தானே போகின்றன என்று தங்களைத் தேற்றிக்கொண்டார்கள். எளிதில் கலங்காத குழந்தை என்பதால் பெருந்தீங்கு நேராது என்றும் கருதினார்கள். அவர்களுடைய அறிக்கையிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. கலக்கமுற்ற போதெல்லாம் ஆல்பர்ட் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொள்ளும், வைத்தவுடன் அமைதியாகிவிடும். அச்சத்தைப் பதிவுசெய்ய வேண்டியிருந்ததால், அவ்விரலை மீண்டும் மீண்டும் வாயிலிருந்து எடுத்துவிட வேண்டியதாயிற்று. தனக்குத் தானே தேடிக்கொண்ட சிறு ஆறுதலும் ஆய்வுக்கு இடையூறாகத் தோன்றிய கணம் அது. ஊட்டிய அச்சத்தை நீக்குவதற்கு முன்பே குழந்தை மருத்துவமனையை விட்டுச் சென்றுவிட்டது. அதன்பின் அவர்கள் அதைத் தேடிச் செல்லவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1924-இல், மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம்பெண் அதே கொள்கையை வேறொரு விதத்தில் கையாண்டார். ஏறத்தாழ மூன்று வயதான பீட்டர் என்ற சிறுவன் முயலைக் கண்டு அஞ்சினான். அவன் விரும்பிய தின்பண்டத்தை அவன் உண்ணும்போது, கூண்டிலிட்ட முயலைத் தொலைவில் வைத்தார். நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். அவன் அஞ்சினால் மீண்டும் பின்னே நகர்த்தினார். முடிவில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். அச்சம் பழக்கத்தால் வருவது என்றால் பழக்கத்தால் போகவும் வேண்டுமல்லவா? வாட்சனின் கொள்கைக்கு இதுவும் சான்றே. இன்று அச்சநோய்களுக்குச் செய்யப்படும் சிகிச்சைகள் பலவற்றுக்கு முன்னோடியாக நிற்பது இம்முயற்சிதான். அறிவு வளர்வதற்கு ஆல்பர்ட்டின் அலறல் இன்றியமையாததாக இருந்தது என்று வாதிடுவோருக்கு, பீட்டரின் கதையே மறுப்பு.

அநாதை இல்லத்தில் ஒரு சொல்

தீங்கு செய்தோர் எல்லாம் கல்நெஞ்சர் அல்லர். அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெண்டல் ஜான்சன் தாமே திக்குவாயால் துன்புற்றவர். திக்குதல் பிறவிக் குறையன்று. 'நீ திக்குகிறாய்' என்று பெரியவர்கள் சுட்டிக்காட்டுவதாலேயே அது வேரூன்றுகிறது என்று அவர் எண்ணினார். அதைச் சோதிக்க 1939-இல் டேவன்போர்ட் நகரின் அநாதை இல்லமொன்றில் 22 குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவருடைய மாணவி மேரி டியூடர், இயல்பாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு குழந்தைகளிடம், அவர்களுக்குத் திக்குவாய் தொடங்கிவிட்டது என்றும், சரியாகப் பேச முடியாவிட்டால் பேசவே வேண்டாம் என்றும் சொன்னார்.

குழந்தைகள் பேச அஞ்சினர். சிலர் வாய் திறப்பதையே குறைத்துக்கொண்டனர். டியூடர் மனம் பொறாமல், ஆய்வு முடிந்தபின் பலமுறை அந்த இல்லத்துக்குச் சென்று, தாம் சொன்னது மெய்யன்று என்று நம்பவைக்க முயன்றார். ஆயினும், அவர் ஊன்றிய சொல் எளிதில் பெயரவில்லை. 2001-இல் ஒரு நாளிதழ் இதனை வெளிக்கொணர்ந்தபோது பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவித்தது. 2007-இல் அயோவா மாநிலம் பாதிக்கப்பட்டோர் தரப்புக்கு 9,25,000 டாலர் தர இசைந்தது. அறுபத்தெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

இங்கே நோக்கம் நல்லது. ஆய்வாளர் தம் நோயை ஒத்த நோயிலிருந்து பிறரைக் காக்க விழைந்தவர். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட குழந்தைகள் யார்? 'என் பிள்ளைக்கு ஏன் இப்படிச் செய்தீர்கள்?' என்று கேட்க ஆளில்லாத குழந்தைகள்.

கூர்ந்து நோக்கினால் போதுமா?

அப்படியாயின் குழந்தையைத் தொடாமல், தூண்டாமல், வெறுமனே நோக்கினால் போதாதா என்று கேட்கலாம். சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே ஏறத்தாழ அவ்வழியைத்தான் பின்பற்றினார். முதல் உலகப்போர் முடிந்த காலத்தில் பாரிசில் அறிவுத்திறன் தேர்வுகளைச் சீர்செய்யும் பணி அவருக்குக் கிடைத்தது. சரியான விடைகளை எண்ணுவதே வேலை. அவரோ தவறான விடைகளில் மனத்தைப் பறிகொடுத்தார். ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே விதமாகத் தவறுகின்றனவே, அப்படியானால் தவறு என்பது அறியாமையன்று, வேறொரு விதமான சிந்தனை என்று கண்டார். பின்னர் 1925-க்கும் 1931-க்கும் இடையே பிறந்த தம் மூன்று குழந்தைகளையும், மனைவியின் துணையோடு, நாள்தோறும் கவனித்துக் குறித்துவைத்தார். கண்ணெதிரே துணியால் மூடப்பட்ட பொருள் இன்னும் இருக்கிறது என்று கைக்குழந்தைக்குத் தோன்றுவதில்லை என்பன போன்ற கண்டுபிடிப்புகள் அக்குறிப்புகளிலிருந்து பிறந்தவை.

ஆனால் நோக்குபவரும் குழந்தையின் உலகில் ஓர் ஆள்தான். பியாஜேயின் புகழ்பெற்ற சோதனை ஒன்றில், சமமான இரு வரிசைகளில் வில்லைகளை அடுக்கிக் காட்டி, ஒரு வரிசையை மட்டும் பெரியவர் நீட்டிவைப்பார். 'இப்போது எதில் அதிகம்?' என்றால், நான்கைந்து வயதுக் குழந்தைகள் நீண்ட வரிசையையே காட்டுவர். 1974-இல் ஸ்காட்லாந்தில் மார்கரெட் டொனால்ட்சனும் அவருடைய உடன் ஆய்வாளரும் ஒரு சிறு மாற்றம் செய்தனர். வரிசையைக் கலைத்தது பெரியவர் அல்லர், குறும்புக்காரக் கரடிப் பொம்மை. உடனே முன்னிலும் மிகுதியான குழந்தைகள் 'இரண்டும் சமம்தான்' என்றனர். பெரியவர் ஒன்றை மாற்றிவிட்டுக் கேள்வி கேட்டால், ஏதோ மாறியிருக்க வேண்டும் என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. அவர் விரும்பும் விடையைத் தர முயல்கிறது. நம்முடைய அதிகாரம் எவ்வளவு கனமானது என்பதை அந்தப் பொம்மை காட்டிவிட்டது. சுத்தியல் இல்லாத இடத்திலும் பெரியவரின் நிழல் குழந்தைமேல் விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

அழாத குழந்தை

நோக்குதலின் ஆற்றலுக்கு இன்னொரு சான்று இங்கிலாந்திலிருந்து வருகிறது. இரண்டாம் உலகப்போரின் போது இலண்டனில் அன்னா பிராய்டு நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் கொதிகலன் பணியாளராக இருந்தார். அங்கே பணிபுரிந்த அனைவரும் தாம் கண்ட குழந்தைகளைப் பற்றிக் குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி. கொதிகலனைக் கவனித்தவரும் எழுதினார். அப்பயிற்சியே பின்னாளில் அவரைக் குழந்தைகளின் மருத்துவமனைப் பிரிவுகளுக்கு அழைத்துச் சென்றது.

அக்காலத்தில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தையைப் பெற்றோர் பார்ப்பதற்குக் கடுங்கட்டுப்பாடு இருந்தது. தாய் வந்து போனால் குழந்தை அழுகிறது; வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்பதே செவிலியர் கூறிய காரணம். 1952-இல் ராபர்ட்சன் ஒரு திரைப்படம் எடுத்தார். அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் தங்கிய லாரா என்ற இரண்டரை வயதுச் சிறுமியே அதன் பொருள். அழுத நேரங்களை மட்டும் பொறுக்கி எடுத்தார் என்ற பழி வராதவாறு, நாள்தோறும் குறித்த வேளைகளில் மட்டுமே படம்பிடித்தார். லாரா அதிகம் அழவில்லை. அடக்கிக்கொண்டாள். அவ்வப்போது முகம் இறுகும்; அம்மா வேண்டும் என்று மெல்லச் சொல்வாள். தாய் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருத்துவர்கள் முதலில் சினந்தனர். பிறகு மெல்ல மனம் மாறினர். 1959-இல் வெளிவந்த அரசுக் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்துபோக வேண்டும் என்று பரிந்துரைத்தது. தாயிடம் குழந்தை கொள்ளும் பிணைப்பு பற்றி ஜான் பவுல்பி வகுத்த கோட்பாடு வலுப்பெற்றதில் இப்படத்துக்கும் பங்குண்டு.

ராபர்ட்சன் ஒரு குழந்தையின் துயரத்தைத் தடுக்காமல் படம்பிடித்தார் என்பது உண்மையே. ஆயினும் அத்துயரத்தை உண்டாக்கியவர் அவர் அல்லர். எவரும் காணாதிருந்ததைக் காணச் செய்தவர். அழுகை இல்லாததைத் துன்பம் இல்லாததாகக் கொள்ளலாகாது என்று லாரா உலகுக்குக் கற்பித்தாள்.

இவ்வழியில் நடந்த மேரி எயின்ஸ்வர்த், அமெரிக்காவின் பால்டிமோரில் 26 குடும்பங்களைத் தேர்ந்து, ஒவ்வொரு குழந்தையின் முதல் ஆண்டிலும் அதன் இல்லத்தில் ஏறத்தாழ 72 மணி நேரம் அமர்ந்து கவனித்தார். அதன் முடிவில்தான் இருபது நிமிட ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றைச் செய்தார். தாய் சிறிது நேரம் அறையைவிட்டு வெளியே செல்வார், குழந்தை அழக்கூடும், அழுகை மிகுந்தால் உடனே தாய் திரும்பி வருவார். உலகெங்கும் பரவியது அந்த இருபது நிமிடச் சோதனையே. அதற்குப் பொருள் தந்த 72 மணி நேரப் பொறுமையைப் பலரும் மறந்துவிட்டனர். இங்கும் குழந்தை அழுததுதான். ஆனால் அதன் அழுகையைக் கேட்க ஒருத்தி கதவுக்கு அப்பால் நின்றாள்.

குலுக்கலில் விழுந்த வாழ்வு

மிகக் கடினமான வழக்கு ருமேனியாவினுடையது. 1966 முதல் கருக்கலைப்பைத் தடைசெய்து மக்கள்தொகையைப் பெருக்க முயன்ற சௌசெஸ்கு ஆட்சி 1989-இல் வீழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு இல்லங்களில் கிடந்தனர். அங்கே சென்றவர்களை முதலில் தாக்கியது கைக்குழந்தைகள் நிறைந்த அறைகளின் நிசப்தம். 'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பது நம் பழமொழி. அழுதும் எவரும் வாராத இடத்தில், பிள்ளை அழுவதையே விட்டுவிடுகிறது.

2000-ஆம் ஆண்டு வாக்கில் சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் புகாரெஸ்ட் நகரில் ஆறு இல்லங்களிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்தனர். குலுக்கல் முறையில் 68 குழந்தைகள் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர்; மற்ற 68 பேர் இருந்த நிலையிலேயே விடப்பட்டனர். நான்கரை வயதில் அளந்தபோது, இல்லத்தில் விடப்பட்டோரின் அறிவுத்திறன் எண் சராசரியாக ஏறத்தாழ 73. வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்றோருக்கு 81. பெற்றோரோடு வளர்ந்த குழந்தைகளுக்கு 109. எவ்வளவு இளமையில் குடும்பத்துக்குச் சென்றனரோ, அவ்வளவு மீட்சியும் கிடைத்தது.

68 குழந்தைகளைத் தெரிந்தே விட்டுவிடுவது நியாயமா? ஆய்வாளர் தரப்பு வாதம் இது. அந்நகரில் அப்போது வளர்ப்புக் குடும்ப ஏற்பாடு இல்லையென்றே சொல்லலாம். ஆய்வின் பணத்தால்தான் 68 இடங்கள் உருவாயின. ஆய்வு நடக்காதிருந்தால் 136 பேரும் இல்லங்களிலேயே இருந்திருப்பர். விடப்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கவோ, சொந்தக் குடும்பம் அழைத்துக்கொள்ளவோ, அரசு வேறிடம் அனுப்பவோ வாய்ப்பு வந்தபோது ஆய்வாளர் தடுக்கவில்லை. 2004-இல் ருமேனியா இயற்றிய சட்டம், கடும் ஊனமுற்றோர் நீங்கலாக, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பதைத் தடைசெய்தது. அக்காலத்தில் வெளிவந்த இவ்வாய்வின் முடிவுகள் அச்சட்டத்தின் நியாயத்துக்கு வலுச் சேர்த்தன.

இவ்வாதம் வலுவானது. ஆயினும் நெஞ்சை முழுவதும் அமைதிப்படுத்தவில்லை. குலுக்கலில் பெயர் வாராத குழந்தைக்கு, 'உன்னால் மற்றவர்கள் பிழைத்தார்கள்' என்பது விடையாகுமா? அந்த உறுத்தல் நீங்கிவிடக் கூடாது என்பதே நம் கருத்து. உறுத்தல் இருக்கும்வரைதான் ஆய்வாளர் அக்குழந்தைகளை மறவாதிருப்பர். இவ்வாய்வாளர்கள் இரு பிரிவினரையும் பதினாறு வயது வரை தொடர்ந்து கண்டுவந்தனர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

எதை அளவுகோலாகக் கொள்வது?

குழந்தை அழுததா இல்லையா என்பது மட்டும் அளவுகோலாக முடியாது. பீட்டரும் சிறிது அஞ்சினான். எயின்ஸ்வர்த்தின் அறையிலும் அழுகுரல் கேட்டது. லாராவோ அதிகம் அழவில்லை. அழுகை என்பது ஒரு விளி. யாரையோ நோக்கி எழுப்பப்படும் அழைப்பு. ஆகவே, அவ்வழைப்பு யாரைச் சேர்கிறது, அதைக் கேட்டவர் தம் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து வருவாரா என்பதே உண்மையான வினா. ஆல்பர்ட்டின் அலறல் குறிப்பேட்டைச் சேர்ந்தது. பீட்டரின் அச்சம், முயலைப் பின்னே நகர்த்தும் ஒரு கையைச் சேர்ந்தது.

இதனோடு இன்னும் இரண்டு வினாக்களைச் சேர்க்கலாம். இக்குழந்தை தேர்ந்தெடுக்கப்பட்டது அதற்கே நன்மை வருமென்பதாலா, அன்றிக் கேட்க நாதியில்லை என்பதாலா? ஆய்வு முடிந்தபின் அக்குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கவலைப்பட யாரேனும் உண்டா? சட்டங்களும் இப்பாதையில் நெடுந்தொலைவு வந்துள்ளன. குழந்தை தன் கருத்தைச் சொல்லும் உரிமையை ஏற்கும் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை 1989-இல் நிறைவேறியது. 1992-இல் இந்தியா அதனை ஏற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், பெற்றோரின் ஒப்புதல் மட்டும் போதாது, ஏழு வயது முதல் குழந்தையின் இசைவையும் பெற வேண்டும் என்கின்றன. ஆனால் ஏழு வயதுக்குக் கீழே, பேச்சே வாராத பருவத்தில், எந்தப் படிவமும் பயன்படாது. அங்கே மிஞ்சுவது பெரியவரின் மனச்சான்று ஒன்றே.

இது ஆய்வாளர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. ஆய்வுக்கூடம் இல்லாமலே நாமும் இச்சோதனைகளை நம் வீடுகளில் செய்கிறோம். சோறு உண்ணாத பிள்ளைக்குப் பூச்சாண்டியைக் காட்டுகிறோம். விருந்தினர் முன்னிலையில் 'அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா?' என்று கேட்டு, அது திகைப்பதைக் கண்டு சிரிக்கிறோம். 'இவன் மந்தம்', 'இவளுக்குக் கணக்கு வாராது' என்று அயோவாவின் சொல்லைப் பிள்ளையின் காதுபடவே ஊன்றுகிறோம். அடங்கி ஒடுங்கி இருக்கும் பிள்ளையை 'நல்ல பிள்ளை' என்று மெச்சி, லாராவின் இறுகிய முகத்தைக் காணத் தவறுகிறோம்.

குழந்தையை அறிய வேண்டும் என்ற ஆசை குற்றமன்று. அறியாதிருந்ததால் விளைந்த துன்பங்களும் பல; மருத்துவமனைக் கதவுகள் தாய்மார்க்கு மூடியிருந்தது அவ்வறியாமையால்தான். ஆனால் அறிவைத் தேடுபவன் குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து தேட வேண்டும். அது கைநீட்டினால் பிடிக்கும் தொலைவில் இருக்க வேண்டும். அதற்குப் பட்டங்கள் கட்டாயமல்ல. கொதிகலன் அறையிலிருந்து வந்த ஒருவர், கையில் ஒரு குறிப்பேட்டோடும் நிறைந்த பொறுமையோடும் அதைச் செய்து காட்டினார்.